வாளால் தொட்டால் தொட்டதாகுமா

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை பொன்ராஜ் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ யாராவது சொல்லியிருந்தால், ஒன்பது மணிக்கு ஆட்டம் முடிந்து, ஆடிய மூன்று பேரும் கீழே இறங்கிப் போய் ரவா தோசை சாப்பிட்டிருப்பார்கள். யாரும் சொல்லவில்லை. பதில் வர நான்கு மாதமும் பதினோரு நாளும் ஆயிற்று.

பொன்ராஜுக்கு தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில், பட்டுப் பிரிவில் வேலை. ஊர் சங்கரன்கோவில் பக்கம். காலை ஒன்பதரையிலிருந்து நின்றுகொண்டே புடவையை விரிக்க வேண்டும், மடிக்க வேண்டும், வாங்க வந்த அம்மாளின் நாத்தனார் பார்க்கவில்லை என்பதால் மறுபடி விரிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதான் கடையில் கூட்டம் என்பதால் அவனுக்கு விடுப்பு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை விடுப்பு கிடைக்கிறவனுக்கு சென்னையில் சிநேகிதர்கள் அதிகம் இருப்பதில்லை.

இப்படி இருக்கையில் ஷண்முகப்ரியா என்ற பெண், மேஜைமேல் விரிக்கக் கறுப்பு வெல்வெட் கேட்டுக்கொண்டு வழி தவறிப் பட்டுப் பிரிவுக்கு வந்தாள். அடையாற்றில் பிசியோதெரபிஸ்ட். பொன்ராஜ் அவளைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போய்த் துணியைக் கிழித்து வாங்கிக் கொடுத்தான்.

"மேசைக்கு எதுக்குங்க கறுப்புத் துணி?"

"நாங்க செவ்வாக்கிழமை ஒரு குகைக்குள்ள போறோம் அண்ணாச்சி. குகை இருட்டா இருக்க வேணாமா?"

அவள் விளக்கினாள். ஒருவர் நடுவராக இருந்து கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஆவார்கள். என்ன செய்யப் போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை சொல்லும். பென்சிலும் தாளும் போதும், ஓடவோ குதிக்கவோ வேண்டாம். பொன்ராஜுக்கு உட்கார்ந்துகொண்டே செய்யக்கூடிய வீரம் என்பது ரொம்பப் பிடித்துப் போயிற்று. அடுத்த செவ்வாய்க்கிழமையே போனான். கடையில் வாரம் ஆறு நாள் "வாங்கக்கா, உக்காருங்கக்கா" என்று சொல்லுகிறவன், அன்று மாலை மூன்று மணி நேரம் மந்திரமும் வாளும் கற்ற இடியேறு என்கிற வீரனாக இருந்தான்.

அவர்கள் ஆடிய இடம் மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில், நோட்டுப் புத்தகக் கடைக்கு மேலே இருந்த மயிலை மேஜைச் சாகச ரசிகர் மகாசபை. அதற்கு அறுபத்திரண்டு ஆயுள் உறுப்பினர்கள், ஒரு செயற்குழு, பதினோரு துணைக்குழுக்கள். ஆண்டு விழாவில் வெள்ளித்தட்டில் பகடையை வைத்துக் குத்துவிளக்கேற்றி, அதற்கு ஒரு சின்னப் பொன்னாடையும் போர்த்துவார்கள். சனிக்கிழமை இரண்டு மேஜைகளிலும் செவ்வாய்க்கிழமை ஒரு மேஜையிலும் விளையாட்டு நடந்தது. மற்ற நாட்களில் விளையாட்டைப் பற்றிய கூட்டம் நடந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, குகையின் அடியில், கல்வாயன் என்ற பூதம் ஷண்முகப்ரியாவின் பாத்திரத்தைக் கவ்விவிட்டது. அவள் வெண்ணிலா என்னும் திருடி. இடுப்புவரை பூதத்தின் வாய்க்குள்ளும், கால்கள் வெளியிலுமாக இருந்தாள். அடுத்த முறையில் வாய் மூடிவிடும். அதற்கு முன் இடியேறுக்கு ஒரே ஒரு முறை பாக்கி.

அவன் ஏற்கெனவே இடிக்கை என்ற மந்திரத்தை உருவேற்றி வைத்திருந்தான். உருவேற்றிவிட்டு யாரைத் தொடுகிறானோ அவர்மேல் மின்னல் பாயும். ஆனால் வலது கையில் வாள், இடது கையில் கேடயம். வாளைக் கீழே போட்டுவிட்டுத் தொடுவதென்றால் போடுவதற்கு ஒரு முறை ஆகும், தொடுவதற்கு இன்னொரு முறை ஆகும். அதற்குள் வெண்ணிலா கதை முடிந்துவிடும்.

"ஏன் டீச்சர்," என்று நடுவரைக் கேட்டான், "வாளாலயே தொட்டா மந்திரம் பாயுமா?"

நடுவர் சாருலதா அபிராமபுரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். விதிநூலைப் புரட்டினாள். 'மந்திரம் ஏற்றியவர் தொட்ட மாத்திரத்தில் எதிரிமேல் அது பாயும்' என்று இருந்தது. எதனால் தொட வேண்டும் என்று இல்லை. அவள் ஒரு விநாடி யோசித்தாள். வாயைத் திறந்தாள்.

"என்ன கேட்டேள்? இன்னொரு தரம் சொல்லுங்கோ," என்று கதவோரத்து இரும்பு அலமாரிப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

சபையின் செயலாளர் ராகவேந்திரன். ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பி ஓய்வு பெற்றவர். பொன்ராஜ் கேள்வியைத் திரும்பச் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இருபத்திரண்டு வருஷமா இந்தச் சபை நடக்கறது. இப்படி ஒரு கேள்வி யாருக்கும் தோணலை," என்றார்.

பொன்ராஜ் இதைப் பாராட்டு என்று நினைத்து லேசாக வெட்கப்பட்டான்.

"மாமா, இது சின்ன விஷயம். நானே தீர்ப்பு சொல்லிடறேனே," என்றாள் சாருலதா.

"நீ சொல்லப்படாது. விதி பதினாலு, உட்பிரிவு ஆ. புஸ்தகத்துல இல்லாத சந்தேகம் எல்லாம் துணைக்குழுவுக்குப் போகணும். போன வருஷம் ஒரு நடுவர் தானே சொல்லிட்டார். இப்ப அவர் எங்கே இருக்கார் தெரியுமோல்லியோ?"

மூன்று பேரும் மாடிப்படி வழியாகக் கீழே பார்த்தார்கள். அந்த நடுவர் வாசலில் செருப்புகளுக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிடத்தில் மேஜையைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டி நான்கு மூலையிலும் அரக்கு முத்திரை வைத்தாயிற்று. பூதமும் வீரர்களுமாக வைத்திருந்த சின்னப் பொம்மைகள் நின்ற இடத்திலேயே நின்றன. பாத்திரங்களின் விவரம் எழுதிய தாள்கள் அலமாரிக்குள் போயின.

"சார், நான் பூதத்தோட வாய்ல இருக்கேன்," என்றாள் ஷண்முகப்ரியா.

"சௌகரியமா இருங்கோ. ஆட்டம் நிறுத்தி வெச்சிருக்கறச்சே பூதம் மெல்லப்படாது. அதுவும் விதிதான்."

மறுநாள் பொன்ராஜுக்குத் தொடுமந்திர ஐயப்பாட்டு மனு என்று ஒரு படிவம் வந்தது. பத்தொன்பது கட்டங்கள். கடையில் பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் குறையும்போது காஞ்சிபுரம் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து நிரப்பினான். தொடுபொருள்: வாள். தொடப்படுபொருள்: பூதம். தொடுவதன் நோக்கம்: பூதத்தைக் கொல்வது. வாளின் நீளம் எழுதவில்லை என்று திரும்பி வந்தது. மூன்றடி என்று எழுதினான். சபை மெட்ரிக் முறைக்கு மாறிவிட்டது என்று திரும்பி வந்தது. மூன்றாவது முறை நேரிலேயே கொண்டுபோனான். ராகவேந்திரன் கையெழுத்தில் விரலை வைத்தார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுது சார்."

"வாள் உங்களோடதா?"

"இல்ல சார். இடியேறோடது."

"அப்போ அவர்னா போடணும்."

"அவரும் நாந்தான சார்."

"நான் நம்பறேன். சபை எப்படி நம்பும்? ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு ஒரு அத்தாட்சி வாங்கிண்டு வந்துடுங்கோ."

சாருலதா பள்ளிக்கூட முத்திரையில்லாத வெள்ளைத் தாளில், மேற்படி பொன்ராஜும் மேற்படி இடியேறும் ஒரே ஆள் என்றும், நன்னடத்தை உள்ளவர்கள் என்றும் எழுதிக் கொடுத்தாள். மனு ஏற்கப்பட்டது.

ஐந்தாவது வாரம் விளக்கத் துணைக்குழு கூடியது. தலைவர் ராஜரத்தினம், ஓய்வுபெற்ற சார்பதிவாளர். தும்பைப்பூ வேட்டி, மடியில் விதிநூல், நூலுக்குப் பிளாஸ்டிக் உறை. பேசுவதற்கு முன் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"வாளைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி தொடுதல்னா என்னன்னு பேசணும். ஒருத்தர் செருப்புப் போட்டுக்கிட்டு நடக்கறார். அவர் தரையைத் தொட்டாரா? செருப்பு தொட்டது. அவர் தொடலை. அப்ப பீச்சுக்கு நடைப்பயிற்சி போறவங்க யாரும் சென்னையைத் தொட்டதே இல்லை."

அவையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நாற்காலியில் உட்காருகிறவரைத் தொடுகிறவராகக் கொள்ளலாமா என்று ஒரு ஆயுள் உறுப்பினர் கேட்டார். நடுவில் வேட்டி இருக்கிறதே என்றார் இன்னொருவர். வாக்கெடுப்பு நடந்தது. கூட்டத்தில் இருக்கும் எவரும் நாற்காலியைத் தொடவில்லை என்று ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்மானமாயிற்று. தொடாமலே மேற்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஐயா, பதில் எப்ப தெரியும்?" என்று பொன்ராஜ் எழுந்து கேட்டான்.

ராஜரத்தினம் கனிவோடு சிரித்தார். "தம்பி, இந்தச் சபையோட பெருமையே எந்தக் கேள்விக்கும் அவசரப்பட்டுப் பதில் சொன்னதில்லைங்கறதுதான். முன்னாடி ஒருத்தர், சாவித் துவாரம் வழியா மந்திரத்தைச் செலுத்தலாமான்னு கேட்டார். ஆறு வருஷம் ஆராய்ஞ்சோம். கேட்டவர் விளையாட்டையே விட்டுட்டார். ஆனா பதில் இருக்கு."

"என்ன ஐயா பதில்?"

"அதைப் பொதுக்குழுவில வைக்கலை. வெச்சா அடுத்த கேள்வி வரும்."

இரும்பு வழியாக மந்திரம் பாயுமா என்று நிபுணர் கருத்துக் கேட்பது என்று அன்று முடிவாயிற்று. அதற்காக ஒரு சனிக்கிழமை காலை ராகவேந்திரன், ராஜரத்தினம், மனுதாரர் என்ற முறையில் கடையில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிய பொன்ராஜ், மூன்று பேரும் ஆட்டோவில் ஈக்காட்டுத்தாங்கல் போனார்கள். அங்கே உமர் ஃபாரூக் என்பவர் லேத் பட்டறை வைத்திருந்தார். ஆண்டு விழாப் பகடைக்கு இரும்பில் பீடம் செய்து கொடுத்தவர் என்பதால் சபை ஏடுகளில் அவர் பெயருக்கு நேரே 'உலோகம்' என்று இருந்தது.

உமர் ஃபாரூக் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இன்னா சார், பீடம் ஆடுதா?"

"பீடம் ஸ்திரமா இருக்கு. இது வேற. இரும்பு வாள் வழியா மந்திரம் பாயுமா?"

அவர் பொன்ராஜைப் பார்த்தார். பொன்ராஜ் தரையைப் பார்த்தான்.

"இரும்புல கரண்டு போவும். சூடு போவும். மந்திரம் போவுமான்னு எனக்கு இன்னா சார் தெரியும்?"

"போகாதுன்னு திட்டவட்டமா சொல்வேளா?"

"நான் ஏன் நைனா சொல்லப் போறேன்?"

'நிபுணர் மறுக்கவில்லை' என்று ராகவேந்திரன் எழுதிக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு," என்றார் உமர் ஃபாரூக். அவர் கெட்டிக்காரர், வேலை என்று வந்தால் அரைகுறையாக விடமாட்டார். "அந்த மந்திரம் மின்னல்னு சொல்றீங்க. அப்டின்னா வாளு கைப்புடிக்கு ரப்பரு போட்டுக்கச் சொல்லுங்க. இல்லாங்காட்டி புடிச்சிகினு கீறவனுக்குத்தான் மொதல்ல அடிக்கும்."

இரண்டு பெரியவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.  பொன்ராஜ் பயந்தபடியே ஆட்டோ கிண்டி பாலம் ஏறுவதற்குள், வாள் பிடித்தவரின் பாதுகாப்பு என்று ஒரு பின்னிணைப்பும், அதற்குப் பன்னிரண்டாவதாக ஒரு துணைக்குழுவும் உருவாகிவிட்டன.

அந்த வாரம்தான் ஷண்முகப்ரியா கடைக்கு வந்தாள். இந்த முறை வழி தவறவில்லை.

"அண்ணாச்சி, எனக்கு புனேல வேலை கிடைச்சிருக்கு. ஓட்டப்பந்தயக்காரங்களுக்குப் பயிற்சி குடுக்கற இடம். அடுத்த மாசம் ரெண்டாவது புதன்கிழமை காலைல கிளம்பணும்."

பொன்ராஜ் கையிலிருந்த புடவையை மடித்தான். மடித்ததையே மறுபடி மடித்தான்.

"நல்ல விஷயந்தான?"

"நல்ல விஷயம்தான். ஆனா வெண்ணிலாவ அந்த வாய்லயே விட்டுட்டுப் போக மனசு வரலை. மூணு வருஷமா ஆடறேன். ஒரு தடவகூட ஒரு கதை முடிஞ்சதில்லை அண்ணாச்சி. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு துணைக்குழு வந்துடுது."

அவள் போனாள். சென்னைக்கு வந்து ஒன்பது வருஷத்தில் கடைக்கு வெளியே அவனை அண்ணாச்சி என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவள். அவளுக்காக அவன் செய்யக்கூடியது ஒரு பூதத்தைக் கொல்வது மட்டும்தான். அதற்கும் கை கட்டிக் கிடந்தது.

அன்றே அவசர மனு ஒன்று எழுதிக் கொடுத்தான். அவசர மனுக்கள் நிறைய இருப்பதால் சாதாரண மனுக்களுக்குப் பிறகுதான் எடுத்துக்கொள்ளப்படும் என்று பதில் வந்தது.

இதற்கிடையில் சபை 'தொடுதல்: ஒரு பன்முகப் பார்வை' என்ற கருத்தரங்கை நடத்தியது. முதல் ஒரு மணி நேரம் ஒருவரை ஒருவர் வரவேற்றார்கள். பிறகு ஹம்சா என்ற வீணைக் கலைஞரைப் பேச அழைத்தார்கள். அந்த அம்மாள் நாலே வாக்கியம்தான் பேசினார்.

"நான் விரல்ல கம்பி வளையம் மாட்டிண்டுதான் வாசிக்கறேன். தந்தியத் தொடறது வளையம்தான், என் விரல் இல்லை. ஆனா கச்சேரி முடிஞ்சா வளையம் நன்னா வாசிச்சதுன்னு யாரும் சொல்றதில்லை. வாளும் அப்படித்தான்னு நேக்குப் படறது."

பொன்ராஜுக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. தட்டவும் செய்தான். சபை அவருக்கு ஒரு பொன்னாடையும் ஒரு பழக்கூடையும் வழங்கியது. நடவடிக்கைக் குறிப்பில் 'ஹம்சா அவர்கள் இனிமையாகப் பேசினார். பின்னர் காபி வழங்கப்பட்டது' என்று இருந்தது.

ஆனாலும் விஷயம் பொதுக்குழுவுக்கு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மாலை என்று தேதியும் குறித்தார்கள். மறுநாள் புதன்கிழமை காலை ஷண்முகப்ரியாவுக்கு ரயில். எல்லாம் கூடி வந்ததுபோல இருந்தபோது ராகவேந்திரனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஒரு தரப்பை மாத்திரம் கேட்டுட்டு எப்படித் தீர்ப்பு சொல்றது? பாதிக்கப்படப் போறவரைக் கேட்க வேண்டாமா?"

"யாரு சார் பாதிக்கப்படப் போறவரு?" என்றான் பொன்ராஜ்.

"கல்வாயன்."

பூதத்துக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டது. விலாசம்: மூன்றாம் மேஜை, குகையின் அடித்தளம், மேற்படி சபை. நாடாவுக்கு வெளியே நின்று ராகவேந்திரனே அதை உரக்க வாசித்தார். பதினைந்து நாள் கெடு. பூதம் பதில் அளிக்கவில்லை. வாயில் ஆள் இருக்கும்போது அது எப்படிப் பதில் சொல்லும் என்று கேட்ட ராஜரத்தினம், அதற்காக வாதாடத் தாமே முன்வந்தார். அன்றிலிருந்து தினமும் மாலை ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மூன்றாம் மேஜை அருகே உட்கார்ந்து, விதிநூலில் பூதத்தைப் பற்றிய பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

பொதுக்குழு அன்று கூடம் நிரம்பியிருந்தது. சாருலதா முத்திரையிட்ட மேஜையின் பக்கத்தில் நின்றாள். ஷண்முகப்ரியா பாதி கட்டிய பெட்டியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். ராஜரத்தினம் எழுந்தார்.

"என் தரப்பினருக்கு வயசு நானூறு. சொந்தக் குகையில இருந்தார். யாரையும் போய்த் தேடலை. இவங்கதான் கறுப்புத் துணி விரிச்சு உள்ள வந்தாங்க. வந்தவங்க வாய்க்குள்ள கை விட்டாங்க. என் தரப்பினருக்கு அதுல ஒரு தங்கப் பல். திருட வந்தவங்களைக் கவ்வறது குத்தமா? சரி, குத்தம்னே வெச்சுக்குவோம். இடிக்கைங்கறது கையால தொடற மந்திரம். பேர்லயே கை இருக்கு. இடிவாள்னு பேர் இல்லை."

பலத்த கைத்தட்டல். மனுதாரர் தரப்பைச் சொல்ல இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். பொன்ராஜ் மேடைக்குப் போனான். கையில் இதுவரை சேர்ந்த மனுக்கள், திருப்பி வந்த மனுக்கள், அத்தாட்சி, பின்னிணைப்பு எல்லாம் கனமான ஒரு சுருளாக இருந்தன. பேச வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தான். மைக் முன்னால் நின்றதும் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. ராகவேந்திரன் மேடையில் அவனுக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் போயிற்று. முன்வரிசையில் ஒருவர் இருமினார்.

கடையில் இப்படி வார்த்தை வராத சமயங்களில் பொன்ராஜ் புடவையை எடுத்து விரித்துவிடுவான். இங்கே புடவை இல்லை. சுருளை நீட்டி ராகவேந்திரனின் தோளில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினான்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "யாரது என்னைத் தொடறது?"

கூடம் முழுவதும் மேடையைப் பார்த்தது.

"நான் தொடல சார்," என்றான் பொன்ராஜ். "காயிதம்தான் தொட்டுது."

"காயிதமாவது ஒண்ணாவது. நீங்கதானே ஓய் தொட்டேள்?"

அவர் சொல்லி முடிக்கும்போதே தாம் சொன்னது என்ன என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கை இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மேடையில் யார் என்ன சொன்னாலும் எழுதுகிற கை அது. 'நீங்கள்தானே தொட்டீர்கள் என்று செயலாளர் உறுதிப்படுத்தினார்' என்பது வரை எழுதிவிட்டது. குறிப்பேட்டில் ஏறியதை அடிக்கக் கூடாது என்பது விதி மூன்று.

ராஜரத்தினம் எழுந்து குறிப்பேட்டை வாங்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார். பூதத்தின் தரப்பில் மேற்கொண்டு வாதம் இல்லை என்றார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

தீர்ப்பு ஏழு மணிக்கு வாசிக்கப்பட்டது. வாளால் தொட்டால் தொட்டதாகும். கத்தி, ஈட்டி, கோடாலி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். அம்பு பற்றித் தனியே ஆராயப்படும். வாள் பிடித்தவர் ரப்பர் கைப்பிடி போட்டுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார். அரக்கு உடைந்தது, நாடா அவிழ்ந்தது. அறுபது பேர் மூன்றாம் மேஜையைச் சுற்றி நின்றார்கள். சாருலதா பகடையைப் பொன்ராஜின் கையில் வைத்தாள்.

"பதினொண்ணு, இல்லாட்டி அதுக்கு மேல," என்றாள்.

பொன்ராஜ் பகடையை உருட்டினான். அது வெல்வெட்டில் ஓடி, பூதத்தின் காலடியில் மோதி நின்றது.

நான்கு.

வாள் காற்றை வெட்டியது.  ஷண்முகப்ரியா அவன் முதுகில் கை வைத்து, "போனாப் போகுது அண்ணாச்சி," என்றாள். 

அப்போது ராகவேந்திரன் அலமாரியைத் திறந்தார். அவருக்குப் பழைய தெம்பு திரும்பிவிட்டது.

"ஒரு நிமிஷம். வாள் படலை. சரி. ஆனா மந்திரம் என்ன ஆச்சு? செலவாயிடுத்தா? இல்லை, வாள்லயே தங்கியிருக்கா? புஸ்தகத்துல இல்லை. இது ரொம்ப ஆழமான கேள்வி. மேஜையைக் கட்டுங்கோ." சிவப்பு நாடாச் சுருளை எடுத்தார்.

"தங்கியிருக்கு," என்றாள் சாருலதா.

"என்னம்மா?"

"மந்திரம் வாள்லயே தங்கியிருக்கு. எதையும் தொடலை, அதனால செலவாகலை. பூதம் இன்னும் வாயை மூடலை. ஏன்னா இவ்வளவு பேரைப் பாத்து அது திகைச்சுப் போய் நிக்கறது. பொன்ராஜ், இன்னொரு தரம் உருட்டுங்கோ."

"நீ சொல்லப்படாது. விதி பதினாலு..."

"நான் நடுவர் மாமா. கேட்டா பதில் சொல்றதுதான் என் வேலை. நாளையிலேர்ந்து செருப்பைப் பாத்துக்கச் சொன்னா பாத்துக்கறேன். இப்ப அவர் உருட்டட்டும்."

பொன்ராஜ் யாரையும் பார்க்கவில்லை. பகடையை எடுத்து உருட்டினான். பத்தொன்பது. மின்னல் பாய்ந்தது என்று சாருலதா சொன்னாள். எப்படிப் பாய்ந்தது என்று ஒரு முழு நிமிடம் சொன்னாள். குகையின் கூரை வெளுத்தது, நானூறு வருஷத்துக் கல் பிளந்தது, வெண்ணிலா வெளியே வந்து விழுந்தாள். அவள் கையில் ஒரு தங்கப் பல் இருந்தது. ஷண்முகப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது. சுற்றி நின்ற ஆயுள் உறுப்பினர்கள் அனைவரும், இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக ஒரு கதை முடிவதைப் பார்த்தவர்கள், என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டார்கள். ராகவேந்திரன் நாடாச் சுருளோடு நின்றார். பிறகு நிலைமையைச் சமாளித்து, மறைந்த கல்வாயனுக்கு இரண்டு நிமிட மௌனம் என்று அறிவித்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவர்கள் இன்னும் நிமிர்ந்து நின்றார்கள்.

மௌனம் முடிந்ததும் மூன்று பேரும் படியிறங்கினார்கள். ஷண்முகப்ரியா புனேயில் செவ்வாய்க்கிழமை என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அங்கேயும் ஆடுவார்கள், நல்ல நடுவராகப் பார்த்துச் சேர்ந்துகொள், துணைக்குழு இருக்கிறதா என்று முதலில் கேள் என்றாள் சாருலதா.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்க."

ராஜரத்தினம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். அருகில் வந்து நின்றார். உறை போட்ட விதிநூலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"அந்தப் பொண்ணு ஊருக்குப் போகுதுல்ல. அப்ப மூணாவது மேஜையில ஒரு நாற்காலி காலியா இருக்கும்."

"ஆமா ஐயா."

"நான் பதினேழு வருஷமா இங்க ஆயுள் உறுப்பினர். ஒம்பது துணைக்குழுவில தலைவரா இருந்திருக்கேன்." அவர் மேலே மாடியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கு வரைக்கும் அந்தப் பகடையை ஒரு தடவகூட உருட்டினது இல்லை. யாரும் கூப்பிடலை. நானா எப்படிக் கேக்கறது? எனக்கு ஆடத் தெரியாது. பரவாயில்லையா?"

பொன்ராஜ் சாருலதாவைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள்.

"செவ்வாக்கிழமை ஆறு மணி ஐயா," என்றான் பொன்ராஜ். "ஒரு பென்சில் மட்டும் கொண்டாங்க."